காட்பாடி முதல் பாகாயம் வரை

காட்பாடி ரயிலடியில் சாவியைத் தருமுன்
முபாரக் ஒரு தாளில் கார் வரைந்து
அதன்மேல் கோடுகள் போட்டான்.
இது பழைய கீறல். இது ஒடுக்கு.
இது யாரோ ஆணியால் இழுத்தது.
"இதுக்கு மேல வந்தா உங்க கணக்கு, மேடம்."
கையெழுத்துப் போட்டேன்.
உடம்புக்கும் இப்படியொரு தாள்
தொடக்கத்திலேயே தந்திருக்கலாம்.

ட்ரம்சோவில் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.
பனியில் சறுக்கினால் பிரேக்கை மிதிக்காதே,
சறுக்கும் பக்கமே வளைத்துக் கொடு என்பதை
தூக்கத்திலும் செய்யும் என் கைகள்.
இங்கே ஆசனம் மறுபக்கம்.
கியர் இடக்கையில்.
திரும்புவதற்கு விளக்குப் போட்டால்
வைப்பர் எழுந்து காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கிறது,
மே மாதத்து வேலூரில்.
பக்கத்து ஆட்டோக்காரர்
தலையை வெளியே நீட்டி
வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கைப்பேசிக்குள் வழி சொல்பவள் நோர்வேக்காரி.
விருதம்பட்டு அவள் வாயில்
சளி பிடித்த ஒருவரின் பெயராகிறது.
முந்நூறு மீட்டரில் பாலாறு என்று
நீலமாக ஒரு பட்டை காட்டினாள்.
பாலம் ஏறினேன்.
நீலம் திரையோடு நின்றுவிட்டது.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
மட்டையோடு பையன்கள்.
ஒருவன் ஆற்றுக்குள் நின்று
ஆறு அடித்தான்.

கிரீன் சர்க்கிளில்
மூன்றாவது வழியில் வெளியேறு என்றாள்.
ஒன்று. இரண்டு.
ஒரு டவுன் பஸ் என்னைக் கேளாமல் உள்ளே வந்தது.
மூன்று போயிற்று.
அங்கெல்லாம் இடமாகச் சுற்றுவோம், இங்கே வலம்.
கோயிலென்றால் மூன்றோடு விட்டிருப்பேன்,
நான்காவதும் சுற்றினேன்.

ஓரங்கட்டி, ஸ்கூட்டியில் வந்த ஒருத்தியை மறித்தேன்.
கழுத்தில் ராணிப்பேட்டை ஷூ கம்பெனி அட்டை,
காலடியில் அரிசி மூட்டை.
"வழி மாறிப் போச்சு தங்கச்சி, நான் போக வேண்டியது..."
"சிலோனா?"
நோர்வே என்று சொல்ல வாயெடுத்து
ஓம் என்றேன்.
"பின்னாடியே வாங்கக்கா.
சோத்தாங்கை பக்கம் திரும்பறப்ப கை காட்டறேன்."

சோத்தாங்கை.
காலையிலிருந்து இடமும் வலமும் கலந்து கிடந்த தலைக்குள்
அந்தச் சொல் மட்டும் நேராகப் போய் உட்கார்ந்தது.
விரல்கள் தாமாகவே சரியான தண்டைத் தொட்டன.
விளக்கு மினுங்கியது!

அரிசி மூட்டையின் பின்னால் போனேன்.
லாட்ஜுகள், மருந்துக்கடைகள்,
எனக்கு வாசிக்கத் தெரியாத வங்காளப் பலகைகள்,
எக்ஸ்ரே உறையை வெயிலுக்குக் குடையாக்கிய ஒருவர்.
அவள் கை காட்டி நிறுத்திய இடம்
ஆஸ்பத்திரியின் அவசர வாசல்.

இந்த ஊரில் வழி தெரியாமல் கலங்கி நிற்கிற ஒருத்தி
வேறெங்கே போகப் போகிறாள்?
கண்ணாடி வழியே கைவிட்டு என் தோளைத் தொட்டாள்.
"ஒன்னும் ஆவாதுக்கா. நல்லாயிடும்."
யாருக்கு என்று கேட்கவில்லை.
ஷிஃப்டுக்கு நேரமாயிருக்கும்.

எங்களில் யாருக்கும் நோயில்லை.
பாகாயத்தில் வதனி பாரைமீன் வாங்கி வைத்து
மூன்று தரம் போன் எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.
"பேஷண்ட் எங்கம்மா?"
காவலாளி பின்சீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.
என் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்.
பின்னால் ஆம்புலன்ஸ் அலற
பதறித் திருப்பியதில்
கேட்டின் இரும்பு இடப்பக்கக் கதவில்
நீளமாக ஒன்று எழுதியது.
என் கணக்கு.

"ஏனடி இவ்வளவு நேரம்?"
ஆஸ்பத்திரிக்குப் போனனான் என்றேன்.
வதனியின் கையில் அகப்பை நின்றது.
"ஐயோ, ஆருக்கு? என்ன?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்,
நல்லாயிடுமாம்.